எச்சரிக்கை விளக்கின் மேல் ஒரு கறுப்பு நாடா

சென்ற மாதம் எனது மருமகனின் காரில் ஏறி அமர்ந்தபோது, வேகமானிக்கு அருகில் கறுப்பு நாடாத் துண்டொன்று ஒட்டப்பட்டிருப்பதை அவதானித்தேன்.

"இது என்ன தம்பி?" என்று வினவினேன்.

"அது ஒன்றுமில்லை மாமா. நாலு டயரும் புதிதாகப் போட்ட நாளிலிருந்து ஒரு விளக்கு அணையாமல் எரிந்தது. கடைக்காரர்தான் ஒட்டிவிட்டார்."

அந்த வார இறுதியில் எனது மகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் அதே காரில், தெற்கு அதிவேக நெடுஞ்சாலை வழியாகக் காலிக்குச் செல்ல இருந்தார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. எரிபொருள் நிரப்பு நிலையமொன்றில் காற்றை அளந்து பார்த்தோம். மூன்று டயர்களில் 32 இறாத்தல் இருந்தது. பின்பக்கத்து இடது டயரில் 21 மாத்திரமே! வெளிப்பார்வைக்கு நான்கும் ஒன்றுபோலவே தென்பட்டன.

பிரித்தானியாவிலிருந்து தருவிக்கப்பட்ட 2015ஆம் ஆண்டு வாகனம் அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டது. அமெரிக்கா அதற்கு முன்னரே விழித்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் 65 இலட்சம் மீளப்பெறப்பட்டன. அந்த டயர்கள் கழன்று சிதறிய விபத்துகளில், பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வாகனங்களில், 270க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னர் பிறந்த சட்டமே இந்தச் சிறிய மஞ்சள் விளக்குக்கு மூலம். உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற விளக்கு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இந்த ஏற்பாட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சக்கரத்தின் சுழற்சி வேகத்தைக் கொண்டு அழுத்தக் குறைவை ஊகிப்பது. இதில் டயருக்குள் எந்தக் கருவியும் இல்லை. டயர் மாற்றியதும் மீளமைத்தால் போதுமானது. மற்றையது, ஒவ்வொரு சக்கரத்தினுள்ளும் வால்வின் அடியில் பொருத்தப்பட்ட உணரி. அது அழுத்தத்தை அளந்து வானலை மூலம் அறிவிக்கும். அதன் மின்கலம் ஏறத்தாழ 5 முதல் 10 ஆண்டுகள் வரை உழைக்கும். பெரும்பாலானவற்றில் அது மூடி முத்திரையிடப்பட்டிருப்பதால் மின்கலத்தை மாத்திரம் மாற்ற முடியாது, முழு உணரியையும் மாற்ற வேண்டும்.

மருமகனின் கார் இரண்டாவது வகை. வேறொரு கடையில் டயர்களைக் கழற்றிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. முன்சக்கரமொன்றின் உணரி, டயர் கழற்றும் இயந்திரத்தின் நெம்புகோல் பட்டு உடைந்திருந்தது. விளக்கு எரிந்தது அதனாலேயே. பின்சக்கரத்தில், வால்வின் அடியிலுள்ள பழைய இறப்பர் வளையத்தையே மீண்டும் பொருத்தியிருந்தார்கள். காற்று கசிந்தது அவ்வழியேதான். கறுப்பு நாடா இரண்டு தவறுகளையும் ஒருசேர மறைத்திருந்தது.

டயர் மாற்றச் செல்லும் வாசகர்கள் சிலவற்றைக் கேட்டுப் பெறவேண்டும். உணரி இருக்கும் விடயத்தை வேலை தொடங்குமுன்பே சொல்லுங்கள். இறப்பர் வளையம், வால்வின் உட்பகுதி, சுரை, மூடி ஆகியவற்றைப் புதிதாக இடச் சொல்லுங்கள். அலுமினிய வால்வினுள் பித்தளை உட்பகுதியை இட்டால் அரிப்பேற்பட்டு இறுகிவிடும். நிக்கல் பூசியதையே இட வேண்டும். உணரிகள் முதுமையடைந்திருந்தால் அப்போதே மாற்றிவிடுவது சிக்கனம். பின்னர் மாற்றுவதாயின் டயர் கழற்றும் கூலியை மீண்டும் கொடுக்க நேரிடும். புதிய உணரியை அந்த வாகனம் அடையாளம் காணும்படி பதிவு செய்தார்களா என்பதையும் உறுதிப்படுத்துங்கள்.

2020 முதல் 2025 வரை இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய வாகனங்களையே பேணி ஓட்டவேண்டியதாயிற்று. உதிரிப்பாகங்களின் விலையையும் நான் அறிவேன். ஆகவே உணரியை உடனடியாக மாற்ற இயலாதவரைக் குறைகூற மாட்டேன். அவர் மாதம் ஒருமுறையும் நெடும்பயணத்துக்கு முன்னரும், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளந்து, சாரதியின் கதவோரத்தில் குறிப்பிட்டுள்ள அளவுக்கு நிரப்பினால் போதும். காற்றுக் குறைந்த டயர் அதிவேகத்தில் சூடேறி வெடிக்கும் என்பதை அறிந்த எவரும் இந்த ஐந்து நிமிடங்களை வீணெனக் கருதமாட்டார்.

நான் ஏற்க மறுப்பது அந்த நாடாவைத்தான். விளக்கே இல்லாத காரின் சாரதி தானாகவே டயரைப் பார்த்துக்கொள்வார். விளக்கை மறைத்தவரோ எல்லாம் நலமென்று எண்ணி ஓட்டுவார். கெட்ட செய்தியைச் சொல்பவனின் வாயை அடைத்தால் கெட்டது நடவாது என்ற எண்ணத்தை, நீண்டகாலம் பத்திரிகையில் பணியாற்றிய நான் பலமுறை கண்டிருக்கிறேன். தணிக்கையினால் செய்தி நின்றதுண்டு, சம்பவம் நின்றதில்லை.

மகளும் பேரப்பிள்ளைகளும் ஒரு வாரம் தாமதித்துக் காலிக்குச் சென்று சுகமாகத் திரும்பினார்கள். நாடாவை மருமகன் தன் கையாலேயே உரித்தெடுத்தார். விளக்கு இப்போது எரிவதில்லை.