விழித்திருப்பது மட்டும் சேவையாகுமா?

கடந்த பெருநாள் விருந்தின்போது, ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றும் எங்கள் உறவுக்காரத் தம்பி சஹனில் கை வைத்தபடியே உறங்கிப்போனார். "36 மணி நேரம் கண் துஞ்சாமல் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான், மாஷா அல்லாஹ்!" என்று பெரிய வாப்பா பெருமிதத்துடன் கூறினார். சுற்றியிருந்தோர் அனைவரும் மகிழ்ந்தனர். என்னால் மகிழ இயலவில்லை.

நானும் தமிழகத்தின் அரசு மருத்துவமனை ஒன்றில் அந்த ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியை முடித்தவன். ஒரு நாள் காலை எட்டு மணிக்குப் பணியைத் தொடங்கியிருந்தேன். மறுநாள் விடியற்காலை நான்கு மணியளவில், ஒரு முதியவரின் கையில் பொருத்தியிருந்த ஊசிக்குழாய் அடைத்துக்கொண்டது. சிறிது உப்பு நீரைச் செலுத்தினால் சரியாகிவிடும். தட்டிலிருந்த ஆம்பியூல் ஒன்றை உடைத்து சிரிஞ்சில் ஏற்றினேன். மருந்து உள்ளே செல்வதற்கு முன் பணியிலிருந்த செவிலியர் என் கையைப் பற்றி நிறுத்தினார். "டாக்டர், அது பொட்டாசியம்!"

செறிவான பொட்டாசியம் குளோரைடை நேரடியாக இரத்தநாளத்தில் செலுத்தினால் இதயம் நின்றுவிடக்கூடும். இது எனக்குத் தெரியாததன்று. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். அந்நேரத்தில் என் கண்கள் எழுத்தைப் பார்த்தன, மூளை அதை வாசிக்கவில்லை. அல்லாஹ் அந்த முதியவரையும் காப்பாற்றினான், என்னையும் காப்பாற்றினான். நடந்ததை நான் எவரிடமும் கூறவில்லை. கூறினால் ஏச்சுதான் கிடைக்கும் என்பதை அறிந்திருந்தேன்.

பின்னர் பிளாப் தேர்வின் இரு பகுதிகளையும் எழுதி, இங்கிலாந்தில் இளநிலை மருத்துவராகச் சேர்ந்தேன். முதல் வாரத்தில் வார்டின் மருந்து அலமாரியில் அந்த ஆம்பியூலைத் தேடினேன். அது அங்கே இல்லை. செறிவான பொட்டாசியத்தைப் பொது வார்டுகளிலிருந்து அகற்றுமாறு 2002-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டின் நோயாளி பாதுகாப்பு முகமை எச்சரிக்கை விடுத்திருந்தது. தேவைப்படுவோருக்கு முன்கூட்டியே கலந்து நீர்த்த பையே வருகிறது. பணி நேரத்திற்கும் வரம்பு உண்டு: ஒரு முறைப்பணி 13 மணி நேரத்தையும், வாரச் சராசரி 48 மணி நேரத்தையும் தாண்டலாகாது. தாண்டினால் மருத்துவர் அதைப் பதிவு செய்யலாம்.

அங்குள்ளோர் நம்மைவிட நல்லவர்கள் என்பதன்று இதன் பொருள். களைத்த கை தவறும் என்று அவர்கள் முன்பே எண்ணிவிடுகிறார்கள். நாமோ நல்ல பிள்ளையின் கை தவறாது என்று நம்புகிறோம்.

அங்கும் குறைகள் உண்டு. ஆள் பற்றாக்குறையும், ஊதியத்திற்காக 2023 முதல் நடந்த வேலைநிறுத்தங்களும் யாவரும் அறிந்தவை. உறவினர் ஒருவருமின்றித் தனிமையில் கிடக்கும் முதியவர்களைக் காணும்போது, கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் நம்மூர்ப் பிள்ளைகளை எண்ணிக் கண் கலங்கியிருக்கிறேன். கைத்தொழில் என்று பார்த்தாலும், தையல் போடவும் பிரசவம் பார்க்கவும் எனக்குக் கற்றுத்தந்தது அந்த நெரிசலான தமிழக வார்டுதான்.

ஆயினும் நோயாளியின் உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இரவெல்லாம் வணக்கத்தில் நின்ற தோழரிடம் கூட, உடலுக்கும் உரிமை உண்டென்று நபி (ஸல்) அவர்கள் நினைவூட்டினார்கள். நம் நாட்டிலும் பட்டமேற்படிப்பு மருத்துவர்களுக்கு நாளொன்றுக்குத் தொடர்ந்து 12 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என 1992-இல் மத்திய அரசு வகுத்த விதி இருக்கிறது. அது ஏட்டில் உறங்குவதற்கு, நம் வீடுகளில் எழும் "மாஷா அல்லாஹ்"வும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். உறக்கமின்மையைத் தியாகமென்று பெற்றோரே கொண்டாடும்போது, பணிநேரம் மிகுதி என்று எந்தப் பிள்ளை வாய் திறப்பான்?

அஸருக்குப் பின் தம்பி விழித்தெழுந்தார். பிளாப் தேர்வுக் கட்டணம் எவ்வளவு, அங்கே சம்பளம் எவ்வளவு என்று விசாரித்தார். சொன்னேன். பிறகு, இத்தனை ஆண்டுகள் எவரிடமும் சொல்லாத அந்தப் பொட்டாசியம் கதையையும் சொன்னேன். சற்று நேரம் அமைதியாக இருந்தார்.

"எங்கள் வார்டிலும் இரண்டும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன, காக்கா" என்றார்.