கடலுக்கும் ஓய்வு வேண்டும்



ஐஸ்கிரீமைக் கெட்டியாக வைத்திருக்கவும், ஆய்வகங்களில் நுண்ணுயிர்களை வளர்க்கவும் பயன்படும் அகர் என்னும் பொருள் கடற்பாசியிலிருந்து கிடைக்கிறது. அந்தப் பாசியை மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி மூழ்கிப் பறித்து வருபவர்கள் பெரும்பாலும் மீனவப் பெண்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, தாயிடமிருந்து மகள் கற்ற தொழில் இது.

இப்பெண்கள் பாசி பறிக்கும் தீவுகள் 1986-ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப்பாறைகளைக் காக்க அது தேவையான செயலே. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததால் 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. ஆனால் பூங்காவின் சட்டம், பாறையை வெட்டியவரையும் பாசி பறித்தவரையும் ஒரே தட்டில் வைத்தது. தலைமுறைகளாகச் செய்த தொழில் திடீரெனக் குற்றமானது.

பெண்கள் இதற்குத் தந்த பதில் நம் கவனத்திற்குரியது. அவர்கள் ஒன்றுகூடித் தங்களுக்கே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவிகளைத் தவிர்த்துக் கையால் பறிப்பது, மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் நிறுத்திவிடுவது. அதை வைத்தே அதிகாரிகளிடம் பேசினார்கள். இம்முயற்சியை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ஆம் ஆண்டு சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் விருது கிடைத்தது.

ஆயினும் அவர்களுடைய கட்டுப்பாட்டுக்கு அடங்காத இரு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, கடல் சூடாவது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்குள்ள பவளங்கள் வெளுத்து, பல மடிந்தன. பவளம் அழிந்தால் மீனும் பாசியும் குறையும். இரண்டாவது, வளர்ப்புப் பாசி. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் என்ற பாசியை மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்ப்பது பல குடும்பங்களுக்கு வருமானம் தருகிறது. ஆனால் அது குருசடைத் தீவின் பவளங்கள்மீது படர்ந்திருப்பதை 2008-ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். 2023-ஆம் ஆண்டு இராமநாதபுரம் மாவட்டத்தில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வருமானம் பெருகட்டும், ஆனால் எந்தப் பாசியை, எங்கே, யார் வளர்ப்பது என்ற முடிவில் கடலை அறிந்த இப்பெண்களுக்கும் இடம் வேண்டும்.

மீன்வளம் குன்றும்போது மாற்று வழியில்லாத சிறு மீனவர்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் சுட்டிக்காட்டினார். ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு தர வேண்டுமென லேவியர் நூல் கற்பிக்கிறது. நிலத்துக்குச் சொல்லப்பட்ட அந்த ஓய்வைக் கடலுக்கும் கொடுத்து வாழ்கிறார்கள் இப்பெண்கள். பறிக்காத நாள்களில் கூலியில்லை என்று தெரிந்தே அப்படிச் செய்கிறார்கள்.

நம் பங்கிலும் கடலையோ ஆற்றையோ நம்பி வாழும் குடும்பங்கள் இருக்கலாம். அங்கே ஒரு திட்டம் வரும்போது, "எத்தனை கோடி?" என்று கேட்கும் நாம், "அங்கே பிழைப்பவர்களிடம் கேட்டார்களா?" என்றும் கேட்கிறோமா? அன்பியக் கூட்டங்களில் இதைப்பற்றிப் பேசுவோம். இயற்கையைக் காப்பதன் செலவை ஏழைகள் மட்டுமே சுமக்கும்படி விட்டுவிடாதிருப்போம்.