உதிரி பாகத்துக்கும் கப்பல் வர வேண்டும்

புதுதில்லி: மின் இழைப்புளியில் கார்பன் பிரஷ் தேய்ந்தால் சென்னைத் தச்சர் பிராட்வேக்குப் போய் வாங்கிவிடுவார். சுமார் 1,200 கி.மீ. கடலுக்கு அப்பால், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரில் உள்ள தச்சரோ, கருவி பழைய மாடல் என்றால், கப்பலையோ விமானத்தையோ எதிர்பார்த்திருக்க வேண்டியதுதான். ஆர்மேச்சர் எரிந்தால் உள்ளூரிலேயே காயில் கட்டிக்கொள்ளலாம். ஸ்விட்சும் பல்சக்கரமும் அப்படியல்ல. மாடலுக்கு மாடல் மாறும். தயாரிப்பாளர் கைவிட்டால், மோட்டார் நன்றாக இருந்தும் கருவி காயலான் கடைக்குப் போகிறது. 1883-இலேயே சாத்தம் மர அறுவை ஆலையைக் கண்ட ஊர் அது!

மத்திய அரசு 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்துக் குழு அமைத்தது. டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. வேளாண் கருவிகள், செல்பேசி மற்றும் மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என நான்கு துறைகள். தொழிலாளியின் கைக்கருவிக்குத் தனி இடமில்லை. விற்பனையை நிறுத்திய பிறகும் இத்தனை ஆண்டு உதிரி பாகம் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டமும் இதுவரை இல்லை. இணையதளத்தில் விவரம் வெளியிட்டால் பாகம் கைக்கு வந்துவிடுமா?

அந்தமானுக்குச் சட்டப்பேரவை கிடையாது. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். தமிழக உறுப்பினர்களும் இதை அவையில் எழுப்பலாம். கோவைப் பட்டறைகளுக்கும் இதே சட்டம்தான் தேவை.