சானடோரியம் வந்தால் மூக்கைப் பொத்தாதீர்கள்

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் குரோம்பேட்டை தாண்டியதும் வரும் ஸ்டேஷனின் பெயர்ப் பலகையை என்றைக்காவது நிதானமாகப் படித்திருக்கிறீர்களா? தாம்பரம் சானடோரியம். நம் ஊர் ஸ்டேஷன்களுக்கு சாமி பெயர் உண்டு, தோல் கம்பெனி பெயர்கூட உண்டு (குரோம்பேட்டையே அப்படி வந்த பெயர்தான்). ஆனால் ஒரு வைத்திய முறையின் பெயரையே சுமந்து நிற்கும் ஸ்டேஷன் அபூர்வம். சானடோரியம் என்றால் குணமாக்கும் இடம். அவ்வளவுதான் அர்த்தம்.

ஆனால் நம் காதில் அப்படியா விழுகிறது? 'டி.பி. ஆஸ்பத்திரி' என்றுதான் விழுகிறது. உடனே கை கர்ச்சீப்பைத் தேடுகிறது. அந்தப் பகுதியில் வீடு வாங்கியவர்களில் சிலர் விலாசம் சொல்லும்போது சானடோரியம் என்ற வார்த்தையை மென்று விழுங்கிவிட்டு 'தாம்பரம் பக்கம்' என்கிறார்கள். இன்னும் சிலர் ஒரு படி மேலே போய், "ஊர் இவ்வளவு வளர்ந்தாச்சு. நடு ஊர்ல எதுக்கு சார் இந்த ஆஸ்பத்திரி? தூக்கி எங்கயாவது தள்ளி வெச்சா என்ன? எவ்வளவு இடம் சும்மா கிடக்கு!" என்கிறார்கள். டீக்கடையில், வாக்கிங்கில், குடியிருப்போர் சங்கத்து காபி இடைவேளையில் நான் பலமுறை கேட்ட பேச்சு இது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒருவேளை சொல்லியும் இருப்பீர்கள்.

உங்களிடம்தான் பேச வேண்டும். கொஞ்சம் உட்காருங்கள்.

முதல் கேள்வி: யார் முதலில் வந்தது? ஆஸ்பத்திரி ஊருக்குள் வரவில்லை. ஊர்தான் ஆஸ்பத்திரியைத் தேடி வந்து சுற்றி வளைத்துக்கொண்டது.

டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து என்று ஒரு டாக்டர். இங்கிலாந்தில் வைத்தியம் பார்த்தவர். அங்கே மெண்டிப் மலைப் பகுதியில் க்ஷய ரோகிகளுக்கான சானடோரியம் நடத்தியவர். நம் கணித மேதை ராமானுஜன் 1914-ல் 'நெவாசா' கப்பலில் இங்கிலாந்து போனபோது அவருக்கு அறிமுகமானவர். 1917-ல் ராமானுஜனுக்கு க்ஷயம் என்று சந்தேகப்பட்டபோது அனுப்பி வைக்கப்பட்டது இதே டாக்டரின் மெண்டிப் சானடோரியத்துக்குத்தான். அங்கே ராமானுஜன் அதிக நாள் தங்கவில்லை. அவருக்கு வந்தது க்ஷயமே இல்லை, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோய் என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் சொல்வது தனிக் கதை.

அந்த சௌரி முத்து ஊர் திரும்பி, 1928-ல் பச்சைமலை அடிவாரத்தில் சுமார் 250 ஏக்கரில் சொந்த முயற்சியில் தொடங்கியதுதான் தாம்பரம் சானடோரியம். ஏன் இந்த இடம்? பட்டணத்திலிருந்து தள்ளி இருந்தது. மலை இருந்தது, மரம் இருந்தது. காற்று சுத்தமாக இருந்தது! இன்றைக்கு ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்கள் அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படிக்கவும்.

அந்தக் காலத்தில் க்ஷயத்துக்கு மருந்து கிடையாது. 1882-ல் ராபர்ட் கோக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார், கொல்லத்தான் வழி தெரியவில்லை. ஐரோப்பாவில் 1850-களில் ஹெர்மன் பிரெமர் என்ற ஜெர்மன் டாக்டர் ஆரம்பித்து வைத்த வழிதான் உலகம் முழுக்க. நல்ல காற்று, வெயில், பால், முட்டை, ஓய்வு. திறந்த வராந்தாவில் மாதக்கணக்கில் படுக்கை. சிலருக்கு நெஞ்சுக்குள் ஊசி வழியாகக் காற்றைச் செலுத்தி ஒரு பக்க நுரையீரலைச் சுருங்கவைத்து ஓய்வு கொடுப்பார்கள். பணக்காரர்களுக்கு ஸ்விட்சர்லாந்தில் தாவோஸ். நம் பக்கத்தில் 1915-லேயே மதனப்பள்ளி ஆரோக்கியவரம். மெட்ராஸ்காரர்களுக்குத் தாம்பரம்.

1937-ல் அரசாங்கம் இந்த சானடோரியத்தை எடுத்துக்கொண்டது. தனியார் டாக்டரின் கனவு பொதுச் சொத்து ஆனது. காசு இல்லாதவனுக்கும் காற்று கிடைத்தது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. சானடோரியங்களின் காலத்தை முடித்து வைத்ததும் மெட்ராஸ்தான்!

ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோனியசிட் என்று 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் மருந்துகள் வந்தன. மருந்து இருக்கிறது, சரி. படுக்கை? இந்தியாவில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு நூறு தாம்பரம் கட்டினாலும் பத்தாது. 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாலும் சேர்ந்து செய்த காரியம். முன்னின்று நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். (ராமானுஜன் 1920-ல் இறந்ததும் இதே சேத்துப்பட்டில்தான்.) நோயாளிகளை இரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு சானடோரியத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு, மருந்து. இன்னொரு பங்குக்கு அதே மருந்து, ஆனால் வீட்டில். நெரிசலான வீடு, அரைகுறைச் சாப்பாடு, வேலைக்கும் போயாக வேண்டும்.

1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். அவர்களோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகமே திரும்பிப் பார்த்தது. பணக்கார நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஹோட்டலாகின, வேறு ஆஸ்பத்திரிகளாகின.

"அதைத்தானே நானும் சொல்றேன்! வீட்டுலயே குணமாகும்னா இந்த ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று கேட்கிறீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும்.

1986-ல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகளை சென்னையில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். 90-களில் எய்ட்ஸ் நோயாளி என்றால் பல ஆஸ்பத்திரிகளில் வாசலோடு அனுப்பினார்கள். தொட பயம். ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்காது. குடும்பமே கைவிட்ட மனிதர்கள் ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும்கூட ரயில் ஏறி எங்கே வந்தார்கள் தெரியுமா? நீங்கள் தூக்கிப் போடச் சொல்லும் இதே தாம்பரத்துக்குத்தான். கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் செ.நெ. தெய்வநாயகம் காலத்தில் கதவு திறந்தது. கையில் கிடைத்த சித்த மருந்துகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மருந்துகள் பற்றி டாக்டர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கதவைத் திறந்தது பற்றி மனசாட்சி உள்ள யாருக்கும் வேறுபாடு இருக்க முடியாது. 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தபோது முதல் மையங்களில் ஒன்று தாம்பரம். நாட்டின் மிகப் பெரிய எய்ட்ஸ் சிகிச்சை மையங்களில் ஒன்றாக அது வளர்ந்தது.

அப்புறம் கொரோனா. 2020-லும் 21-லும் மூச்சுத் திணறியவர்களுக்கு இதே நெஞ்சக நோய் மருத்துவமனை படுக்கை கொடுத்தது. அப்போது யாராவது "நடு ஊர்ல எதுக்கு?" என்று கேட்டார்களா? படுக்கை கிடைக்குமா, ஆக்ஸிஜன் இருக்குமா என்றல்லவா கேட்டோம்!

கவனித்தீர்களா? ஒவ்வொரு தலைமுறையும் ஒரு நோயைக் கண்டு மிரண்டபோது, அந்த நோயாளியை வாங்கிக்கொண்டது இந்த இடம். மிரட்சி தீர்ந்ததும், 'இடம் சும்மா கிடக்கிறது' என்று மனையின் விலையைக் கணக்குப் போட ஆரம்பிப்பது நாம்.

டி.பி. போய்விட்டதா? உலகத்தில் நாலு காசநோயாளிகளில் ஒருவர் இந்தியர். 2025-க்குள் ஒழித்துவிடுவோம் என்று நாடு வைத்த இலக்கு நிறைவேறவில்லை. 2019 முதல் 21 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 31 சதவீதம் பேர் உடம்பில் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. அதாவது நீங்கள் மூக்கைப் பொத்தும் அதே பெட்டியில், மூன்றில் ஒருவர் அதைச் சுமந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். அது நீங்களாகவும் இருக்கலாம். பயப்படாதீர்கள், பெரும்பாலோருக்கு அது விழிப்பதே இல்லை. விழிக்க வைப்பதில் முக்கியமான ஒன்று பசி.

சௌரி முத்து காலத்துப் பாலும் முட்டையும் இங்கேதான் திரும்ப வருகின்றன. 1959 ஆய்வு சொன்னது என்ன? மருந்து ஒழுங்காகக் கொடுத்தால் கிருமி சாகும் என்பது. ஏழைக்குச் சோறே வேண்டாம் என்பது அல்ல. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, பால் பவுடர், சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. சேத்துப்பட்டு ஆராய்ச்சி மையத்துக்கும் அதில் பங்கு உண்டு. குடும்பத்தில் மற்றவர்களுக்கு டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் டி.பி. மட்டும் எடுத்தால் 48 சதவீதம். தடுப்பூசி அல்ல ஐயா, சாப்பாடு!

2022 முதல் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' நடக்கிறது. டி.பி. என்று தெரிந்த உடனே எடை, மூச்சு வேகம், ஆக்ஸிஜன், பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். மோசமாக இருப்பவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்பதுதான் திட்டத்தின் சாரம். ஆக, எல்லோருக்கும் படுக்கை வேண்டாம். எலும்பும் தோலுமாக வருகிறவனுக்குக் கட்டாயம் வேண்டும். அந்தப் படுக்கை எங்கே இருக்க வேண்டும்? அவன் கூலியை விட்டுவிட்டு மூன்று பஸ் மாறிப் போகிற இடத்திலா? ரயிலை விட்டு இறங்கி நடக்கிற தூரத்திலா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ரயிலில் கடந்து போகிறவனுக்கு ஆஸ்பத்திரிக் காம்பவுண்டிலிருந்து டி.பி. தொற்றாது. காற்றோட்டம் இல்லாத அறையில் மணிக்கணக்கில் சேர்ந்திருந்தால்தான் ஆபத்து. சரியான மருந்து ஆரம்பித்துவிட்டால் பெரும்பாலான நோயாளிகளிடமிருந்து பரவுவது சில வாரங்களிலேயே வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆபத்தானவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறவர் அல்ல. உங்களைப் போன்றவர்களின் முகச்சுளிப்புக்குப் பயந்து, இருமலை மறைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருக்கிறாரே, அவர்தான்.

எனக்கு மூன்று கோரிக்கைகள்.

ஒன்று, அரசுக்கு. இங்கே ஆஸ்பத்திரி வளரட்டும், புதுக் கட்டடம் வரட்டும். 2005-ல் பக்கத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் வந்தது, நல்லது. ஆனால் வைத்தியத்துக்கு என்று இருக்கிற நிலம் வைத்தியத்துக்கே. மிச்சமிருக்கும் மரங்களும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

இரண்டு, தாம்பரம் மாநகராட்சிக்கு. காற்றுக்காக ஆரம்பித்த ஊரில் காற்று எப்படி இருக்கிறது என்று தினமும் ஒரு பலகையில் எழுதிப் போடுங்கள். சௌரி முத்து தேர்ந்தெடுத்த காற்றை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று ஜனங்களுக்குத் தெரியட்டும். அந்த மனிதர் யார் என்று ஸ்டேஷன் வாசலில் நாலு வரி எழுதி வைத்தாலும் குறைந்துவிடாது.

மூன்று, உங்களுக்கு. விலாசம் கேட்டால் முழுசாகச் சொல்லுங்கள். தாம்பரம் சானடோரியம். சில ஊர்களுக்குக் கோட்டையால் பெருமை, சில ஊர்களுக்குக் கோயிலால். யாரையும் வாசலோடு அனுப்பாத ஓர் இடத்தால் பெருமை பெற்ற ஊரில் குடியிருக்கிறீர்கள். அதைச் சொல்ல என்ன கூச்சம்?