கைவேலைப் பக்கம்: பிள்ளைக்கு ஒரு தெறிச் சட்டை



தொப்பியும் கழுத்துத் துண்டும் பின்னிப் பழகிவிட்டீர்கள். இம்முறை அடுத்த படிக்குப் போவோம். முன்பக்கம் திறந்து தெறி பூட்டும் ஊல் சட்டை இது. ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையான பிள்ளைக்கு அளவாக இருக்கும். கடைக்காரர் இதைக் 'காடிகன்' என்பார்கள். 1854 இல் கிரிமியப் போரில் குதிரைப்படை நடத்திய ஆங்கிலப் பிரபு ஒருவரின் பட்டப்பெயர் அது. முகம் மூடும் 'பலக்லாவா' தொப்பிக்கும் அதே போர்க்களத்து ஊரின் பெயர்தான். எங்கே போனாலும் யுத்தம் உடுப்பிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

வன்னி வெயிலுக்கு ஊல் சட்டை எதற்கு என்று கேட்பீர்கள். மார்கழி, தை மழைக்குளிரில் கைக்குழந்தைக்கு இங்கேயும் தேவைதான். நுவரெலியாவிலோ ஆண்டு முழுவதும் தேவை. எங்கள் கிளிநொச்சிக் குழுவில் ஓர் அம்மா இருக்கிறார். 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவருடைய உறவுக்காரர் அங்கே சிறு கடை வைத்திருக்கிறார். அவர் கேட்டதால்தான் நாங்கள் இந்தச் சட்டையைத் தொடங்கினோம்.

முதலில் நான் விட்ட பிழையைச் சொல்லவேண்டும். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது 'பங்கேற்பு' என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஆனால் குழுவில் யாரையும் கேட்காமல், பார்க்க வடிவாக இருக்கிறது என்று முறுக்குக் கயிறு போன்ற ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு போனேன். பன்னிரண்டு வரிக்கு ஒருமுறை திரும்பும் மாதிரி. ஒவ்வொரு வரியையும் எண்ணவேண்டும். ஓர் அக்கா மூன்று நாள் பின்னினார், மூன்று நாளும் அவிழ்த்தார். நான்காம் நாள் பையை வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "மிஸ், எனக்குப் பின்னத் தெரியாமலில்லை. எண்ணேக்கதான் கரைச்சல். அந்த நேரம் பங்கருக்குள்ள இறங்கின உடன பிள்ளையளத்தான் எண்ணுறனான். இப்ப ஊசியில எண்ணத் தொடங்கினாலும் அதுதான் வருது. கை நிண்டிடும்" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த நாள் குழுவில் மலையக அம்மாதான் ஊசியை வாங்கினார். "எண்ணாத கண்ணு. ஊசியில இருக்கிறத பாரு, அதுவே சொல்லும்" என்று காட்டினார். அந்த முறையைத்தான் கீழே தருகிறேன்.

'மொஸ்' பின்னல் என்று இதற்குப் பெயர். துணி முழுவதும் கடுகு பரப்பியதுபோல் புடைப்புப் புடைப்பாக இருக்கும். முதல் வரியை ஒரு பிளேன், ஒரு பேர்ல் என மாறி மாறிப் பின்னுங்கள். இரண்டாம் வரியிலிருந்து இடக்கை ஊசியில் அடுத்து நிற்கும் கண்ணியின் அடியைப் பாருங்கள். முடிச்சுப்போல் புடைத்திருந்தால் பிளேன். இரண்டு நெல்மணி சாய்ந்து நிற்பதுபோல் தட்டையாக இருந்தால் பேர்ல். இவ்வளவுதான். பிள்ளை அழுதாலும், படலையில் யாராவது கூப்பிட்டாலும், வரியின் நடுவில் வைத்துவிட்டு எழும்பலாம். திரும்பி வந்து விட்ட இடத்தைப் பார்த்தால் போதும். ஓரம் சுருளாது, இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். வெறும் பிளேன் துணியைவிட நூல் சற்றுக் கூடப் பிடிக்கும், நேரமும் எடுக்கும்.

'டபுள் நிற்றிங்' நூல் 150 கிராம், 4 மில்லிமீற்றர் ஊசி, ஐந்து சிறு தெறி வேண்டும். தொடங்குமுன் 24 கண்ணி போட்டு ஒரு சிறு துண்டு பின்னி அடிமட்டத்தால் அளவுங்கள். 10 சென்ரிமீற்றருக்குள் 20 கண்ணி வரவேண்டும். 22 வந்தால் பெரிய ஊசி, 18 வந்தால் சின்ன ஊசி. துண்டு பின்னப் பஞ்சிப்படாதீர்கள். அந்த நாலு கண்ணி வித்தியாசம் சட்டையின் சுற்றளவில் 10 சென்ரிமீற்றராக வந்து நிற்கும்.

முதுகுக்கு 53 கண்ணி போடுங்கள். ஆறு வரி முழுப் பிளேன், பிறகு மொஸ். மொத்தம் 26 சென்ரிமீற்றர் வந்ததும் மூடுங்கள். தோளுக்கு இருபுறமும் 17, கழுத்துக்கு நடுவில் 19.

முன்பக்கம் ஒவ்வொன்றுக்கும் 29 கண்ணி. அடியில் அதே ஆறு வரி. திறக்கும் ஓரத்து ஐந்து கண்ணி கடைசிவரை பிளேன், அதுதான் தெறிப்பட்டி. மற்ற 24 மொஸ். 21 சென்ரிமீற்றரில் கழுத்துப் பக்கம் 8 கண்ணியை மூடி, பிறகு ஒன்றுவிட்ட வரியில் ஒவ்வொன்றாக நான்கு குறையுங்கள். 17 மிஞ்சும். முதுகின் உயரம் வரும்வரை நேரே போங்கள்.

தெறி தைக்கும் பக்கத்தை முதலில் முடியுங்கள். ஐந்து தெறிக்கும் இடம் பார்த்து வேறு நிற நூலால் அடையாளம் கட்டுங்கள். மற்றப் பக்கத்தை அதன்மேல் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பின்னினால் ஓட்டை எங்கே வரவேண்டும் என்று எண்ணத் தேவையில்லை. ஓட்டைக்குப் பட்டியில் இரண்டு பிளேன், நூலை ஒருமுறை ஊசிமேல் சுற்றி, அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக, பிறகு ஒரு பிளேன்.

கைக்கு 31 கண்ணி. ஆறு வரி பிளேன், பின் மொஸ். எட்டு வரிக்கு ஒருமுறை இரு ஓரத்திலும் ஒவ்வொன்று கூட்டி 45 ஆக்குங்கள். கூட்டிய கண்ணிக்கு அடியில் ஒன்றும் இராது, பக்கத்துக் கண்ணிக்கு மாறாகப் பின்னுங்கள். 17 சென்ரிமீற்றரில் மூடி, தோள்களைத் தைத்தபின், தோள் தையலுக்கு இருபுறமும் 11 சென்ரிமீற்றர் வரக் கையைப் பொருத்துங்கள். கைக்கும் விலாவுக்கும் ஒரே தையல். கழுத்தைச் சுற்றி 53 கண்ணி அளவில் எடுத்து நாலு வரி பிளேன் போட்டு மூடுங்கள். பிள்ளை வாயில் வைத்து இழுக்கும், தெறியை இறுக்கித் தையுங்கள்.

விற்பதானால் நூல் விலையோடு மணித்தியாலத்தையும் கொப்பியில் எழுதுங்கள். எங்கள் குழுவில் ஒரு சட்டைக்கு முப்பது மணித்தியாலம் அளவில் போயிற்று. இதை மட்டும் வைத்து வீடு ஓட்டலாம் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லிவிட்டுப் போன திட்டங்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஆனால் மணித்தியாலம் எழுதியிருந்ததால்தான் கடைக்காரர் முதலில் சொன்ன விலைக்கு நாங்கள் தலையாட்டவில்லை.

அக்கா திரும்பி வந்தார். அவருடைய முதற் சட்டையின் இடப்பக்கத்தில் ஓரிடத்தில் இரண்டு பிளேன் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிறது. அவிழ்க்கவா என்று கேட்டார். விடுங்கள் என்றேன். அதை விற்கத் தரவில்லை, பேத்திக்குப் போட்டுவிட்டார். இரண்டாவதுதான் நுவரெலியாவுக்குப் போனது.