மஞ்சள் பின்னும் 2,000 ரூபாய் ஒயரும்

போன தீபாவளிக்கு வீட்டில் 43 இன்ச் டிவி வந்தது. எச்டி சேனல்களுக்கு மாசாமாசம் பணம் கட்டியும் படம் கலங்கலாகவே இருந்தது. அப்பா டிவியைத் திட்டினார், அம்மா அப்பாவைத் திட்டினார். பின்னால் எட்டிப் பார்த்தால், செட்டாப் பாக்ஸில் இருந்து வருவது பழைய மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஏவி ஒயர்! படத்தைக் கொண்டுவரும் அந்த மஞ்சள் பின்னில் 576 வரிக்கு மேல் வராதுங்க. எச்டிக்கு 1080 வரி வேண்டும். ஆறு மாசக் காசு அந்தப் பின்னிலேயே போச்சு.

எச்டிஎம்ஐ கேபிள் வாங்கப் போனால் கடைக்காரர், "தங்க முலாம் தம்பி, கலர் தூக்கலா இருக்கும்" என்று 2,000 ரூபாய் சொன்னார். இதுதான் சுத்தப் பேத்தல். அதில் போவது வெறும் 0, 1 கணக்கு. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் 200 ரூபாய் கேபிளிலும் அதே படம், அதே கலர். சேராவிட்டால் புள்ளி புள்ளியாக மின்னும், இல்லையென்றால் படமே விட்டு விட்டு வரும். முலாம், பின் துருப்பிடிக்காமல் இருக்கத்தான்.

பத்து மீட்டர் இழுக்கிறீர்களா, 4கே 120 ஹெர்ட்ஸில் கேம் ஆடுகிறீர்களா, அப்போது நல்ல கேபிளுக்குச் செலவு பண்ணுங்கள். சீரியலுக்கு எதுக்கு?

250 ரூபாய்க்கு ஒன்றரை மீட்டர் வாங்கி மாட்டினேன். படம் பளிச்! "மலிவு ஒயர், எத்தனை நாளைக்கோ" என்கிறார் அப்பா :)