தனித்திருத்தல் தண்டனையன்று

கொவிட்-19 நோய் 2020இல் இலங்கையில் பரவியபோது, அயலவரின் பேச்சுக்கு அஞ்சிச் சிலர் நோயை மறைத்தனர். 2021இல் வைத்தியசாலைகள் நிரம்பியமையால், கடுமையான அறிகுறியற்றோர் வீட்டிலேயே தனித்திருந்து பராமரிக்கப்பட்டனர். அப்போதும் பலர் அதனைத் தண்டனையாகவே கருதினர். அக்கருத்துத் தவறானதாகும்.

இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளியேறும் நுண்துணிக்கைகள் மூலம் இவ்வைரசு தொற்றுகின்றது. அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ 2 நாட்களுக்கு முன்னரே அது பிறருக்குப் பரவலாம். எனவே, தொற்று உறுதியான பின்னரும் வெளியே நடமாடுவது பெருந்தவறு. உங்களுக்கு வெறும் தடிமனாக வந்து போவது, உங்கள் அம்மம்மாவின் உயிரைப் பறிக்கக்கூடும்.

ஆயினும், ஓர் அறை மட்டுமேயுள்ள லயன் வீட்டில் ஒருவர் எவ்வாறு தனித்திருப்பார்? நாட்கூலி பெறுபவர் பல நாட்கள் உழைக்காது எவ்வாறு உண்பார்? இவ்வினாக்களுக்கு விடை காணாது நோயாளியை மட்டும் குறைகூறுவது நீதியாகாது.

ஆகவே, தனித்திருத்தல் நோயாளியின் கடமையெனின், அவரைத் தாங்குதல் அயலவரின் கடமையாகும். உலருணவுப் பொதியொன்றை வாசலில் வைத்துவிட்டு வாருங்கள். பாடசாலைக்கு வரமுடியாத தோழனுக்குப் பாடக்குறிப்புகளைப் பிரதிசெய்து அனுப்புங்கள். கதவு மூடியிருக்கலாம், உறவு மூடப்படலாகாது.